பாலைப்பழச் சோடா

வவுனியாவில் ஒரு சோடாக் கொம்பனிக்கு நான் கொஞ்சக் காலம் தலைவனாக இருந்தேன். கொம்பனி என்பது பெரிய சொல். புகையிரத நிலையத்துக்குப் போகும் வழியில் என் மனைவியின் தமையன் குடியிருந்தார். அவருடைய வீட்டுப் பின்வளவில் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் கையால் சுற்றும் ஒரு மெஷின், ஒரு காஸ் சிலிண்டர், சீனிப்பாணி காய்ச்சும் அடுப்பு, கூரை முட்டப் போத்தல் பெட்டிகள். அவ்வளவுதான் கொம்பனி. தலைவன் என்பது அதைவிடப் பெரிய சொல். அந்தப் பதவியை எனக்கு யாரும் தரவில்லை. காலியாகக் கிடப்பதாக நினைத்து நானே எடுத்துக்கொண்டேன்.

ஐம்பதுகளின் கடைசிப் பகுதி அது. யாழ்ப்பாணத்தில் ஒரு புடைவைக் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த என்னை, "இஞ்சை வந்து என்னோடை நில்லும்" என்று மைத்துனர்தான் கூப்பிட்டார். அவர் அதிகம் பேசாத மனிதர். காலையில் கொட்டிலுக்குள் வருவார். முதல்நாள் அடைத்ததில் ஒரு போத்தலை எடுத்து உடைத்து ஒரு மிடறு குடிப்பார். "ம்" என்றால் சரி. "சீனி கூட" என்றால் அன்றைக்குச் சீனி குறையும். லெமன், ஒறேஞ், இஞ்சி, வெறும் சோடா என்று நாலு வகை. அதற்கு மேல் ஒரு வகை இந்த உலகத்தில் தேவை என்று அவர் நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவருடைய தாயார், அதாவது என் மாமியார், ஊரில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மைத்துனர் போய்ப் பக்கத்தில் இருக்க வேண்டி வந்தது. ரயில் ஏறும்போது என்னிடம் சொன்னார்:

"நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை. வேலைக்கு நிக்கிற அவை மூண்டு பேரும் தங்கடை வேலையைப் பாப்பினம். நீர் பாத்துக்கொண்டு இரும், காணும்."

இதைவிடச் சுருக்கமாக ஒரு மனிதனை அவமதிக்க முடியாது என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

ஏனென்றால் அந்த நேரத்தில் நான் படித்தவனாகியிருந்தேன். சாமான் சுற்றுவதற்கென்று நிறுத்து வாங்கும் பழைய பேப்பர்க் கட்டுக்குள் ஆங்கில வியாபாரச் சஞ்சிகை ஒன்று அகப்பட்டிருந்தது. தலைவன் என்பவன் புதிதாகச் சிந்திக்க வேண்டும், புதிதாகச் சிந்திக்காத வியாபாரம் படுத்துவிடும் என்ற பொருளில் அதில் ஒரு கட்டுரை. கட்டுரையின் கடைசிப் பக்கங்கள் இல்லை. புதிதாகச் சிந்தித்த பிறகு என்ன செய்வது என்பது அந்தப் பக்கங்களில் இருந்திருக்கலாம்.

மறுநாளே வீட்டுக்குள்ளிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிலின் நடுவில் போட்டேன். "மனேச்சர்" என்று ஒரு பலகை எழுதுவித்து வாசலில் தொங்கவிட்டேன். பிறகு மூன்று பேரையும் கூட்டத்துக்கு அழைத்தேன். மெஷின் சுற்றும் நடுவயதுக்காரர் ஒருவர். போத்தல் கழுவும் பெண்மணி ஒருவர்; அவரை எல்லோரும் அக்கா என்போம். மூன்றாமவர், கடை கடையாகப் பெட்டி கொண்டுபோகும் வண்டில்காரர். கொட்டிலில் கூட்டம் என்ற ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை. மெஷின்காரர் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்தபடி மெல்லக் கேட்டார்:

"முதலாளி, ஆரும் மோசம் போட்டினமோ?"

ஒருவரும் சாகவில்லை, இனிமேல்தான் வாழப்போகிறோம் என்று சொல்லி என் திட்டத்தை விளக்கினேன். எல்லாக் கொம்பனிக்காரனும் ஒறேஞ் விற்கிறான். ஒறேஞ் நம்முடைய பழமா? வன்னிக் காட்டில் பாலைப்பழம் காய்த்துக் கொட்டுகிறது. அதைச் சோடா ஆக்குவோம். வன்னிக்கென்று ஒரு சோடா. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நாலா பக்கத்திலிருந்தும் சனம் வரும். அங்கே அதை இறக்குவோம்.

மூவரும் ஒன்றும் பேசாமல் நின்றார்கள். வாயடைத்துப்போய் நிற்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஒருவிதத்தில் அது சரிதான்.

அன்று மத்தியானம் மனைவியிடம் சொன்னபோது அவள் குசினியில் கறி தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பாராமலே கேட்டாள்:

"பாலைப்பழம் திண்டால் சொண்டு ஒட்டும். சோடாவாக்கினால் என்ன ஒட்டும்?"

"நீர் சும்மா இரும். இது வியாபார விசயம்."

"அண்ணையிட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"தலைவன் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருக்க ஏலாது."

"ஓம், ஓம். தலைவன் முதல் கையைக் கழுவிப்போட்டு வரட்டும். சோறு ஆறுது."

பாலைப்பழம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். மஞ்சளாய், கொட்டைப் பாக்களவில் இருக்கும். தேன் மாதிரி இனிப்பு. ஆனால் பால் உள்ள பழம். நாலைந்து சாப்பிட்டால் உதடு இரண்டும் பசை போட்டதுபோல ஒட்டும். தேங்காயெண்ணெய் பூசித்தான் பிரிக்க வேண்டும். அந்தப் பால் மெஷினுக்குள் போனது. இரண்டு நாள் மெஷின் சுற்றவில்லை. மெஷின்காரர் அதைக் கழற்றி எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க, நான் கதிரையில் இருந்தபடி, புது முயற்சி என்றால் தொடக்கத்தில் கஷ்டம் இருக்கும் என்று அவருக்குத் தைரியம் சொன்னேன்.

"முதலாளி, சாறைக் காய்ச்சி வடிச்சால் என்ன? பாலும் போகும். பழுதாகாமலும் இருக்கும்" என்றார் அவர்.

"காய்ச்சினால் காட்டு வாசம் போயிடும். அந்த வாசந்தான் எங்கடை சரக்கு."

துணியில் இரண்டு தரம் வடித்துப் பச்சையாகவே அடைத்தோம். முதல் போத்தலை உடைத்துக் குடித்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவு ருசி. இந்த வயதிலும் அந்த ஒரு விசயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். அன்றைக்கு அடைத்து அன்றைக்கே குடித்தால் அதற்கு இணையான சோடா இல்லை.

பொங்கலுக்குச் சில நாள் இருந்தது. அடைத்த போத்தல்கள் கொட்டிலில் அடுக்கியிருந்தன. தகரக் கூரை, வைகாசி வெயில். ஒரு காலை அக்கா என் கதிரையடிக்கு வந்து நின்றார்.

"தம்பி, மூடியள் மேலை தள்ளுது."

"அது காஸ், அக்கா. சோடா எண்டால் காஸ் இருக்குந்தானே."

"நேற்றைக்கு இவ்வளவு இருக்கேல்லை."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் எழுந்துபோய் ஒரு போத்தலைப் பார்த்திருப்பான். நான் தலைவன். இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்:

"அப்ப நல்லதுதானே. நாங்கள் போடாமலே காஸ் கூடுது. செலவு மிச்சம்."

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை மரியாதை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒருவரும் என்னிடம் வந்து எதையும் சொல்லவில்லை. கொட்டில் அமைதியாக நடந்தது. நிர்வாகம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குள் நானே மெச்சிக்கொண்டேன்.

முல்லைத்தீவில் ஒரு முஸ்லிம் வியாபாரி எங்களிடம் சோடா எடுப்பவர். நானா என்றுதான் கூப்பிடுவோம். ஒவ்வொரு வருஷமும் பொங்கலுக்கு வற்றாப்பளையில் கொட்டகை போட்டுக் கடை வைப்பார். "வழமை மாதிரி லெமனும் வெறும் சோடாவும் கொண்டாங்கோ" என்று எங்கள் சரக்கை வாடகைக்கு ஏற்றும் லொறிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் லெமன் கொஞ்சம், சோடா கொஞ்சம், மிச்ச லொறி முழுக்கப் பாலைப்பழம் என்று ஏற்றினேன். நானாவுக்கு அதைச் சொல்லவில்லை. ஆளை ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன்.

பொங்கலன்று காலையில் வெளிக்கிட்டோம். முன்னுக்கு சாரதி, நான், மனைவி. பின்னால் பெட்டிகளோடு மெஷின்காரரும், அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்த அக்காவும். நெடுங்கேணி தாண்டிக் காட்டுக்குள் போய்க்கொண்டிருக்க, டமார் என்று ஒரு சத்தம்.

"காட்டிலை வெடிக்காரர் மரைமான் அடிக்கினம் போலை" என்றார் சாரதி.

கொஞ்சத் தூரத்தில் இன்னொரு வெடி.

"ரெண்டாவது மரையும் சரி" என்றேன் நான்.

மூன்றாவது சத்தத்துக்கு சாரதி லொறியை நிறுத்தி இறங்கி, ரயர் ரயராகக் காலால் உதைத்துப் பார்த்தார். எல்லாம் கல்லுப்போல இருந்தன. அப்போதுதான் பின்னாலிருந்து மெஷின்காரர் தலையில் ஒரு வெறும் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கினார். அவருக்குப் பின்னால் அக்கா, சேலைத் தலைப்பால் முகத்தை மூடியபடி.

"முதலாளி, சோடா சுடுது" என்றார் மெஷின்காரர்.

சாக்குகளை நனைத்துப் பெட்டிகளுக்கு மேல் போட்டோம். அக்கா முன்னுக்கு என் இடத்தில் ஏறிக்கொண்டார். நான் பின்னால் ஏறினேன். ஏறச் சொன்னது என் மனைவி. வற்றாப்பளை வரும்வரை தலையில் பெட்டியோடு குந்திக்கொண்டு, ஒவ்வொரு வெடிக்கும் என் சரக்கில் ஒன்று குறைவதைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

கோயிலடியில் சனம் வந்து குவிந்திருந்தது. நந்திக்கடல் பக்கமிருந்து உப்புக் காற்று. காவடிகள், தலையில் கற்பூரச் சட்டி ஏந்திய பெண்கள், வண்டில் மாடுகள். நானாவின் கொட்டகையில் பெட்டிகளை இறக்கினோம். லெமனும் சோடாவும் கண்மூடித் திறக்க முடிந்தன. பிறகு என் சரக்கைத் திறந்தோம்.

குடித்தவர்கள் மிகவும் திருப்தியாக இருந்தார்கள். அதுதான் பிரச்சினை. ஒரு வயலுக்காரர் ஒரு போத்தலைக் குடித்து, ஏவறை விட்டு, இன்னொன்று கேட்டார். இரண்டாவதைப் பாதியில் நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இது சோடாவோ, கள்ளோ?"

"பாலைப்பழம், ஐயா."

"அப்ப பாலைப்பழக் கள்ளு" என்று முடிவு செய்து, தன் கூட்டாளிகளைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

நானா ஒரு போத்தலை எடுத்து மூக்கடியில் பிடித்தார். உடனே கையை நீட்டித் தூரத்தில் வைத்தார். பிறகு என்னைக் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, உது புளிச்சு வெறியாகிப் போச்சு. எனக்கு அது ஹராம், தொட ஏலாது. உங்கடை அம்மாளின்ரை வாசலிலையும் அது ஏலாது. எங்கடை ரெண்டு சனத்தையும் ஒரே போத்தலிலை கெடுக்கப் பாத்தியளே!"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் சுருங்கிப் போனேன். அதற்குள் கோயில் பக்கமிருந்து வெறும் மேலோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். விரத நாளில் கோயில் வளவில் வெறிச் சாமான் விற்கிறது ஆர் என்று கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து, பதில் சொல்வதுபோல, என் பின்னால் ஒரு போத்தல் வெடித்தது. வண்டில் மாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு சனத்துக்குள் ஓடியது.

மாட்டைப் பிடித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் பெட்டி ஒன்றில் இருந்துவிட்டேன். மெஷின்காரர், அக்கா, மனைவி, சாரதி, நானா எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"இப்ப என்ன செய்யிறது, முதலாளி?"

அந்தக் கட்டுரையை மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"எனக்குத் தெரியேல்லை" என்றேன். "என்ன செய்யலாம்?"

தலைவனாகி இத்தனை காலத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அது. கேட்டதுதான் தாமதம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். எல்லாப் போத்தலையும் தூரக் கொண்டுபோய் உடனே ஊற்ற வேண்டும் என்றார் மெஷின்காரர். ஊற்றிய போத்தல்களைக் கழுவித் தண்ணீர் நிரப்பலாம், கிணறு கிட்ட இருக்கிறது என்றார் அக்கா. சனம் தாகத்தில் நிற்கிறது, விற்க ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா குடுப்போம் என்றாள் என் மனைவி. "என்னட்டை ஒரு சாக்குத் தேசிக்காய் கிடக்கு, உப்பும் கிடக்கு" என்றார் நானா. தேசிக்காய் என்றால் எலுமிச்சை.

அப்படித்தான் வியாபாரக் கொட்டகை தண்ணீர்ப் பந்தலானது. சாரதி கிணற்றில் அள்ளினார். அக்கா கழுவினார். மனைவி பெரிய கிடாரத்தில் கரைத்து, ருசி பார்த்து, "உப்புக் காணாது" என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தேசிக்காய் பிழியும் வேலை தந்தார்கள். லொறியில் கண்ணாடி கீறிய விரல்கள். தேசிப்புளி பட்டபோது உச்சியில் எரிந்தது. ஒருவரிடமும் சொல்லாமல் பொழுது சாயும்வரை பிழிந்தேன். வெறும் மேலோடு வந்த இரண்டு பேரும் திரும்பி வந்து, ஆளுக்கு இரண்டு போத்தல் குடித்துவிட்டுப் போனார்கள்.

கிளிநொச்சிப் பக்கம் காணி கிடைத்துக் குடியேறிய ஒரு கமக்காரர் குடித்துவிட்டுச் சொன்னார்:

"இதை இப்படி உப்போடை சோடாவாக்கி அடைச்சுத் தந்தால் வயலிலை நெல்லு அரிவு வெட்டுக்கு நாங்கள் பெட்டி பெட்டியாய் எடுப்பம். உங்கடை லெமன் வெறும் சீனித் தண்ணி. வெயிலுக்கை குடிச்சால் விடாய் கூடுமே தவிரக் குறையாது."

புதிய சிந்தனை ஒன்று தானாக நடந்து வந்து என் முகத்துக்கு நேரே நின்று பேசியது. நான் "அங்காலை தள்ளி நில்லுங்கோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம்" என்றேன். கேட்டு வைத்துக்கொண்டவர்கள் மெஷின்காரரும் என் மனைவியும்.

மாமியார் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் மைத்துனர் திரும்பினார். கதை அவருக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. ரயிலில் யாரோ சொன்ன வடிவத்தில் லொறியே எரிந்துபோயிருந்தது. நான் சொன்ன வடிவத்தில் அது எரியவில்லை என்பது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு போத்தலும் மிஞ்சேல்லையோ?" என்றார்.

மனைவி ஒன்றைத் தண்ணீர்ப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். மைத்துனர் அதை முற்றத்துக்குக் கொண்டுபோய், முகத்தைத் திருப்பிக்கொண்டு உடைத்தார். பாதி வேப்பமர உயரத்துக்குப் போனது. மிச்சத்தைக் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"ம். நல்ல ருசி." பிறகு என்னைப் பார்த்து, "சோடாவை விட்டிட்டுக் கள்ளுத் தவறணை ஒண்டு திறப்பமோ?" என்றார்.

அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். திட்டுவார் என்று ஆயத்தமாக நின்ற எனக்கு அழுகை வந்தது. தும்மல் என்று சமாளித்தேன்.

மனைவி சொல்ல, உப்புத் தேசிச் சோடாவைச் செய்து பார்க்க அவர் சம்மதித்தார். பழமையான மனிதர், மறுப்பார் என்றே நான் நினைத்திருந்தேன். ஆனால் அவர் செய்த விதம் வேறு. ஒரு பெட்டிதான் அடைத்தார். அதை ஒரு கிழமை வெயிலில் வைத்தார். பிறகு மூன்று பேரையும் கூப்பிட்டு, "எனக்குத் தெரியாது, நீங்கள் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். கைத்தது. ஊற்றினார். தோலைத் தவிர்த்துப் பிழிந்து மறுபடி ஒரு பெட்டி. அதுவும் சரிவரவில்லை. அதையும் முகம் சுளிக்காமல் ஊற்றினார். பழுதான சரக்கை ஊற்றும்போது ஒரு மனிதனின் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அடுத்த யோசனையைச் சொல்கிறார்கள். இதை அந்தக் கட்டுரையின் கிடைக்காத பக்கங்களில் எழுதியிருந்தார்களோ தெரியாது. கூட்டம் வைக்காமல், கதிரை போடாமல் அவர் நடத்தியதையெல்லாம் நான் அதுவரை வேலை என்றே கணக்கெடுத்திருக்கவில்லை.

மாசி அரிவு வெட்டுக்குக் கிளிநொச்சி வயல்களுக்கு உப்புத் தேசிச் சோடா போனது. பெரும் புகழ் என்று சொல்ல முடியாது. ஆனால் வருஷா வருஷம் கேட்டார்கள். வயலுக்குப் பெட்டி கொண்டுபோகும் வேலை எனக்கு. வெயிலில் பெட்டி சுமக்கிறவனுக்குத் தன்னைப் பெரிய ஆளாக எண்ண நேரம் கிடைப்பதில்லை.

சில வருஷம் கழித்து மைத்துனருக்கும் காணி ஆசை பிடித்தது. கிளிநொச்சியில் வயல் எடுத்துப் போய்விட்டார். கொம்பனியை என்னிடம் தந்தார். இந்த முறை உண்மையாகவே தந்தார்.

முதல் நாள் காலையில் கொட்டிலுக்குள் போய் ஒரு பெட்டியில் இருந்தேன். வாயைத் திறப்பதில்லை, மற்றவர்களைக் கேட்பது என்று தீர்மானம். நேரம் போனது. மெஷின்காரர் இரண்டு தரம் என்னைப் பார்த்தார். அக்கா கழுவுவதை நிறுத்தினார்.

"முதலாளிக்குச் சுகமில்லையோ?"

"இல்லை. நீங்கள் சொல்லுங்கோ. நான் கேட்டுக்கொண்டு இருக்கிறன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வண்டில்காரர் துணிந்து கேட்டார்:

"அப்ப கொம்பனியை விக்கப் போறியள் எண்டு சனம் கதைக்கிறது உண்மைதானோ?"

விற்கவில்லை என்று நம்பவைக்க ஒரு கிழமை பிடித்தது. நம்பிய பிறகு பேசத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. போத்தல் பெரிது, பிள்ளைகளால் குடித்து முடிக்க முடிவதில்லை என்றார் அக்கா. அதிலிருந்து அரைப் போத்தல் வந்தது, நன்றாகப் போனது. மெஷின்காரர் சொன்ன கறுவாப்பட்டைச் சோடா ஒரு பெட்டியோடு முடிந்தது. மனைவி குசினி யன்னலால் தலையை நீட்டித் தன் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கொத்தமல்லிச் சோடா என்னுடைய யோசனை. தடிமன் காய்ச்சலுக்கும் நல்லது, தாகத்துக்கும் நல்லது என்று நான் விளக்கினேன். இந்தத் தடவை ஒருவரும் மரியாதைக்கு மௌனமாக இருக்கவில்லை. வண்டில்காரர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தை ஒரு சட்டியில் ஊற்றி வெளியே கொண்டுபோய்த் தன் மாட்டுக்கு முன்னால் வைத்தார். மாடு ஒருக்கால் மணந்து பார்த்தது. தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

"முதலாளி, இதுக்கும் வேண்டாமாம்" என்றார் அவர்.

சரி என்று எழுந்து, மல்லிச் சோடாப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டுபோய் வேலியோரம் ஊற்றினேன்.